நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு

"ஏனுங்க தம்பி, இந்த மிஷினை எப்படீங்க நிறுத்தறது?"

திங்கட்கிழமை மாலை நாலு மணிக்குப் போனில் வந்த இந்தக் கேள்வி ஜெகதீஸ்வரனுக்குப் புரியவில்லை. கீழே லாரி பாடி கட்டும் பட்டறையில் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "அதுவே நின்னுக்குமுங்க அண்ணா," என்றான்.

"அதுவே நின்னுக்கிட்டா நான் எதுக்குங்க உங்களுக்குப் போன் போடறேன்? காத்தால ஆறு மணிக்குப் போட்டது, இன்னும் கொட்டீட்டே இருக்குது. தொட்டி ரொம்பி, கீழ வழிஞ்சு, ஷெட்டுக்குள்ள கால் வைக்க முடியலீங்க."

"சிவப்பு பட்டன் ஒன்னு இருக்குதுங்களே, அதை அமுத்துங்க."

"இருங்க... ஆங், நின்னுருச்சு. பக்கத்துத் தோட்டத்து ஆடு இருவது உருப்படி உள்ள பூந்து திங்குதுங்க. நீங்க வாரீங்களா, இல்ல ஆட்டுக்கும் ஒரு மிஷின் அனுப்பி உடறீங்களா?"

எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் சின்னண்ணன் கோபம் வந்தால்தான் இப்படி நகைச்சுவையாகப் பேசுவார். ஜெகதீஸ்வரன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பைக்கைக் கிளப்பினான்.

அவன் வேலை பார்க்கும் கம்பெனி நாமக்கல்லில் சேலம் சாலையில் இருக்கிறது. கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைத்துவிட வேண்டாம். பட்டறைக்கு மேல் மாடியில் மூன்று அறைகள். முதலாளி குழந்தைவேல் முன்பு லாரிகளுக்கு வயரிங் செய்துகொண்டிருந்தவர். இப்போது கோழிப்பண்ணைகளுக்குத் தானாகத் தீவனம் போடும் பெட்டி செய்கிறார். பெட்டிக்குள் இருக்கும் புரோகிராமை எழுதுவது ஜெகதீஸ்வரன். திரையில் தெரியும் எண்களையும் பட்டன்களையும் பார்த்துக்கொள்வது சபீஹா. சூரமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிற பெண்.

பெட்டி செய்யும் வேலை சொல்லப்போனால் எளிது. நாற்பத்தைந்தாயிரம் கோழி, ஒன்றுக்கு நாளைக்கு நூற்றுப்பத்து கிராம் தீவனம். மொத்தம் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது கிலோ. காலை ஆறு மணிக்குத் தொடங்கி, குழாய் வழியாக மெதுவாகத் தீவனத்தைத் தள்ளிக்கொண்டே, எவ்வளவு போனது என்று கூட்டிக்கொண்டே வரும். மொத்தம் வந்ததும் நின்றுவிடும். நடுப்பகல் ஒரு மணிக்குள் வேலை முடிந்துவிடும்.

இந்தப் பெட்டியின் முதல் வாடிக்கையாளர் சின்னண்ணன்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் மாட்டப் போன அன்று, ஷெட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஜெகதீஸ்வரன் மனைவி தனப்பிரியாவுக்குப் போன் செய்தான். "இது மட்டும் சொதப்புச்சுன்னா என் வேலை அவ்வளவுதான்," என்று அவளிடம் சொன்னான். அப்போதுதான் குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கியிருந்தார்கள். ஆனால் பெட்டி சொதப்பவில்லை. மூன்று மாதம் ஒரு குறையும் வரவில்லை.

அவன் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது சின்னண்ணனின் மனைவி சௌந்திரம் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு கடைசி ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தாள். ஆடு தின்ற தீனியில் நகர முடியாமல் நின்றது. பெட்டியின் திரையில் ஒரு எண் அசையாமல் இருந்தது: 4096.

"எப்பத்திலிருந்துங்க அக்கா இப்படி நிக்குது?"

"எனக்கென்ன சாமி தெரியும்? நான் முட்டை அடுக்கீட்டிருந்தேன்."

"அண்ணா, போன வாரம் இதுல ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"ஒரு ஆணிகூட மாத்தலீங்க," என்றார் சின்னண்ணன். "மிஷின்ல நான் கையே வைக்கறதில்ல. வேணும்னா பாருங்க." ஆணியில் மாட்டியிருந்த அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

தினமும் பெட்டி நின்றபோது எவ்வளவு கிலோ போயிருந்தது என்று எழுதி வைக்கும் அட்டை. ஜெகதீஸ்வரன் மேலிருந்து கீழ்வரை பார்த்தான். 4950, 4950, 4950. மூன்று மாதமும் அதே எண். ஒரு கிலோ ஏறவில்லை, ஒரு கிலோ இறங்கவில்லை. அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. போட்டோ எடுத்து குழந்தைவேலுக்கு அனுப்பினான். 'புரோகிராம் சரி. இந்த வாரம்தான் ஏதோ கெட்டிருக்கிறது' என்று கீழே எழுதினான்.

உட்கார்ந்து வேலை செய்ய இடம் தேடியபோது ஷெட்டின் கிழக்குக் கோடியில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது.

"இது யார்துங்க?"

"ஒருத்தன் கெடந்தான். இப்ப இல்ல, நீங்க உக்காருங்க," என்றார் சின்னண்ணன்.

உட்கார்ந்தான். திரையில் நின்ற எண் அவனை உறுத்தியது. இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவனுக்கு இது சொந்தக்காரன் முகம் மாதிரி, எங்கே பார்த்தாலும் தெரிந்துவிடும்.

அதில் விஷயம் இருக்கிறது. பெட்டிக்குள் ஒரு எண்ணை வைத்துக்கொள்ள ஏழு இலக்கத்துக்குத்தான் இடம். நாலாயிரம் கிலோ என்று எழுதவே நாலு இலக்கம் போய்விடும். மிச்சம் மூன்றில் கிராம் வரைக்கும்தான் எழுதலாம். ஆனால் பெட்டி ஒரு நொடிக்கு ஆயிரம் முறை எடை பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் போவது கால் கிராமுக்கும் குறைவு. லாரி எடை போடும் மேடையில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் முள் அசையுமா? அசையாது. லட்சம் முறை ஒவ்வொரு சிட்டிகையாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் 'ஒன்றும் ஏறவில்லை' என்று எழுதினால், ஒரு மூட்டை உப்பு உள்ளே போயும் கணக்கில் வராது.

இது ஜெகதீஸ்வரனுக்குத் தெரியாதா? தெரியும். அதற்காகத்தான் நாலே நாலு வரி சேர்த்து எழுதியிருந்தான். ஒவ்வொரு சிட்டிகையிலும் எவ்வளவு கணக்கில் ஏறாமல் போனது என்று பார்த்து, அதை ஓரமாக ஒரு கிண்ணத்தில் போட்டுவைக்கும். கிண்ணத்தில் ஒரு பிடி சேர்ந்ததும் அதை எடுத்து மொத்தத்தில் சேர்த்துவிடும். எந்தச் சிட்டிகையும் வீணாகாது. அந்த நாலு வரியை அவன் தனப்பிரியாவுக்குக்கூடக் காட்டியிருக்கிறான். அவள் "நல்லா இருக்குதுங்க" என்றாள், புடவை டிசைனைப் பார்த்துச் சொல்வதுபோல.

லேப்டாப்பைத் திறந்து பார்த்தான். நாலு வரியும் இருந்த இடத்தில் இருந்தன. கிண்ணம் இருக்கிறது. ஆகவே கோளாறு அதில் இல்லை. அப்படியானால் எடை பார்க்கும் சென்சார்தான் தூசி அடைத்துக் கெட்டிருக்க வேண்டும். புது சென்சாரை மாட்டினான்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் பக்கத்துல இருந்து, தொட்டி ரொம்புனதும் நிறுத்தீருங்க அண்ணா, பாதுகாப்புக்கு."

"நான் காவல் காக்கறதுன்னா மிஷின் எதுக்குங்க?" என்றார் சின்னண்ணன். நியாயமான கேள்விதான்.

செவ்வாய்க்கிழமை முட்டை லாரி வந்தது. முட்டை லாரி வந்துவிட்டால் சின்னண்ணனுக்கு வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அவர் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தபோது மணி மூன்றரை. திரையில் 4096. கீழே இரண்டு டன் தீவனம். இந்த முறை ஆடுகள் முப்பத்தைந்து. நேற்று வந்தவை உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தன.

ஜெகதீஸ்வரன் ஆபீசில் இன்னொரு பெட்டியை மேஜைமேல் வைத்து ஓட்டிப் பார்த்தான். தீவனத்துக்குப் பதிலாகப் பொய்யாக எடை அனுப்பும் ஒரு சின்னக் கருவியை இணைத்திருந்தான். 4096 வந்தது, 4097 வந்தது, 4950-இல் சமர்த்தாக நின்றது. ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் காய்ச்சல் விட்டுவிடும் பிள்ளை மாதிரி, இங்கே ஒரு குறையும் இல்லை.

"பண்ணையில தூசி ஜாஸ்தி," என்று அவனே முடிவு செய்தான். "எடையை இன்னும் அடிக்கடி பாத்தா விட்டுப்போறதையும் புடிச்சுக்கும்." நொடிக்கு ஆயிரம் முறை என்பதை நாலாயிரம் முறை என்று மாற்றினான். மாலையில் போய்ப் பெட்டியில் ஏற்றிவிட்டு வந்தான்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே போன் வந்தது. "தம்பி, இன்னைக்குச் சீக்கிரமா நின்னுருச்சுங்க."

"மிஷினுங்களா?"

"நம்பருங்க. மிஷின் கொட்டீட்டுத்தான் இருக்குது."

திரையில் 1024. ஏழு இருபத்தைந்துக்கு மேல் ஒரு கிராம்கூட ஏறவில்லை. அடிக்கடி பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு முறையும் கிடைக்கும் சிட்டிகை இன்னும் சிறியதாகிவிட்டது, அவ்வளவுதான். இதுவும் அவனுக்குத் தெரியும். தெரிந்தும், கிண்ணம் இருக்கிறதே, இருக்கிறதே என்று மனம் அதிலேயே நின்றது. தான் எழுதியது தப்பாக இருக்கும் என்று நினைக்க மனிதனுக்கு மனம் வருவதில்லை. தான் எழுதியது சரியாக இருந்தும் அங்கே இல்லாமல் போகும் என்று நினைக்க யாருக்கும் அறிவே வருவதில்லை.

காரணம் பிடிபடவில்லையென்றால் சேதத்தையாவது நிறுத்தலாம் என்று அடுத்த யோசனை வந்தது. எண் ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் பெட்டி உடனே தீவனத்தை நிறுத்திவிட்டு, சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். நல்ல யோசனை. சத்தம் போட ஏதாவது வேண்டுமே? நாமக்கல்லில் அதற்கா பஞ்சம்? கீழே பட்டறைக்குப் போய் ஒரு லாரி ஹாரன் வாங்கிவந்தான். மலைப்பாதையில் எதிரே வருகிற வண்டியை ஒதுக்கச் செய்யும் ஹாரன். அதைப் புதன் மாலை ஷெட்டின் உத்தரத்தில் கட்டினான்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு ஹாரன் அடித்தது.

சின்னண்ணன் சேந்தமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். எந்தப் பட்டனை அமுக்குவது என்று தெரியாமல் சௌந்திரம் எல்லாவற்றையும் அமுக்கினாள். கடைசியில் ஆட்டை விரட்டிய அதே குச்சியால் வயரைப் பிய்த்து எறிந்தாள். அதற்குள் பத்து நிமிடம் ஆகிவிட்டது. நாற்பத்தைந்தாயிரம் கோழிகளும் கூண்டுக்குள் எழும்பி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன. அன்றைக்கு விழுந்த முட்டையில் கால்வாசி ஓடு இல்லாத தோல்முட்டை. மிச்ச நேரமெல்லாம் கோழிகள் உத்தரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. தீவனமும் கால்வாசிதான் போயிருந்தது.

"திங்கக்கெழமை கோழிக்குச் சோறு ஜாஸ்தி. இன்னைக்குச் சோறும் இல்ல, நிம்மதியும் இல்ல," என்றாள் சௌந்திரம் போனில். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று ஜெகதீஸ்வரனுக்குத் தோன்றியது.

பிற்பகலில் குழந்தைவேல் அவனைக் கூப்பிட்டார்.

"ஏப்பா ஜெகதீசு, சனிக்கெழமை பன்னண்டு பண்ணைக்காரங்க அங்க வாராங்க. மிஷின் ஓடறதைப் பாத்துட்டு ஆளுக்கொன்னு எடுக்கறதுக்கு. தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"அன்னைக்கு மிஷின் நிக்கலீன்னா, நீ நின்னுக்க."

ஜெகதீஸ்வரன் தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தான். கீழே தகரத்தை அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் மேஜை அதிர்ந்தது. வீட்டுக்குப் போய் தனப்பிரியாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தான். போய்ச் சேர்ந்து, சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று மட்டும் இரண்டு முறை சொன்னான். அதிலேயே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் அவன் மேஜைப் பெட்டியை நூறாவது முறையாக ஓட்டினான். 4950-இல் நின்றது. எதிரில் உட்கார்ந்திருந்த சபீஹா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணா, இங்க ஓடறதும் அங்க போறதும் ஒரே புரோகிராம்தானே?"

"ஒரே புரோகிராம்தான். ஒரு எழுத்து மாறல."

"எழுத்து சரி. கம்பைல் பண்ணது?"

அவன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான்.

மனிதன் எழுதும் புரோகிராமை மிஷினுக்குப் புரிகிறபடி மாற்றிக் கொடுப்பது கம்பைலர் என்கிற இன்னொரு புரோகிராம். ஆபீஸ் மேஜைக்கு மாற்றும்போது அவன் அதைச் சும்மா, எழுதியது எழுதியபடி மாற்றச் சொல்வான். பண்ணைக்கு அனுப்பும்போது மட்டும் ஒரு தனி அமைப்பு. மாட்டப்போன அன்று காலையில் குழந்தைவேல் திரையைப் பார்த்துவிட்டு, "நம்பர் நொண்டுது பாரு, பண்ணைக்காரன் சிரிப்பான். வேகமாக்கு," என்றிருந்தார். கிளம்புகிற அவசரத்தில் ஜெகதீஸ்வரன் கம்பைலருக்கு 'உன்னால் முடிந்த வேகம் எல்லாம் காட்டு, கணக்கில் கொஞ்சம் தாராளமாக இருந்துகொள்' என்கிற ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டான். எண்கள் வழுக்கிக்கொண்டு ஓடின. குழந்தைவேல் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இப்போது இருவரும் உட்கார்ந்து, பண்ணைக்குப் போன புரோகிராமைப் பிரித்து உள்ளே பார்த்தார்கள். நாலு வரியைத் தேடினார்கள்.

"காணோமே," என்றாள் சபீஹா.

காணவில்லை. கம்பைலர் அந்தக் கிண்ணத்தைப் பார்த்திருக்கிறது. இவன் மொத்தத்தில் ஒரு சிட்டிகையைக் கூட்டுகிறான், பிறகு பழைய மொத்தத்தைக் கழிக்கிறான், பிறகு கூட்டியதையும் கழிக்கிறான். பள்ளிக்கூடக் கணக்குப்படி மிச்சம் என்ன வரும்? சைபர். எப்போதும் சைபர்தானே வரப்போகிறது, இதை எதற்கு நொடிக்கு ஆயிரம் முறை செய்துகொண்டு? கிண்ணத்தைத் தூக்கி எறிந்துவிட்டது. காகிதத்தில் அது செய்தது தப்பே இல்லை. கணக்கு வாத்தியார் முழு மார்க் போடுவார். ஆனால் மிஷினுக்குள் எண்ணுக்கு இடம் கொஞ்சம்தான் என்பதும், சிந்துகிற சிட்டிகை அந்தக் கிண்ணத்தில்தான் விழுகிறது என்பதும் காகிதத்தில் தெரியாது.

"சைபர்னு நெனைச்சதுதான் எல்லாத்தையும் தாங்கீட்டிருந்துச்சு," என்றான் ஜெகதீஸ்வரன். அவனுக்கு அந்தக் கிண்ணத்தின்மேல் பாசமே வந்துவிட்டது.

அந்த ஒரு வார்த்தையை அழித்தான். எடை பார்ப்பதை மறுபடி நொடிக்கு ஆயிரமாக்கினான். கம்பைல் செய்து, பண்ணைக்குப் போகும் அதே புரோகிராமை மேஜைப் பெட்டியில் ஏற்றி ஓட்டினான். 4097 வந்தது. 4950 வந்தது. நின்றது. சபீஹா கை தட்டினாள். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அண்ணா, அந்த வார்த்தையை எப்ப சேத்தீங்க?"

"மாட்டுன அன்னைக்கே."

"அப்ப மூணு மாசமும் தப்பாத்தானே ஓடியிருக்கணும்?"

ஜெகதீஸ்வரன் போனில் இருந்த அட்டையின் போட்டோவை எடுத்துக் காட்டினான். 4950, 4950, 4950.

"மழை இல்லாததால தீவனம் காய்ஞ்சு..." என்று ஆரம்பித்தான்.

"அண்ணா, நம்பருக்கு மழை தெரியுமா?"

"சரி, சனிக்கிழமை முடியட்டும். அப்புறம் பாப்போம்," என்றான். வேலை போகாமல் இருக்கிற அவசரத்தில் உண்மை இரண்டு நாள் காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டான். நம்மில் யாராக இருந்தாலும் அப்படித்தான் விட்டிருப்போம்.

சனிக்கிழமை பன்னிரண்டு பண்ணைக்காரர்களும் வெள்ளை வேட்டியில் வந்தார்கள். ஷெட்டுக்கு முன்னால் பந்தல், போண்டா, டீ. முந்தின நாள் மாலையே ஜெகதீஸ்வரன் வந்து திருத்திய புரோகிராமை ஏற்றி, ஹாரனையும் கழற்றியிருந்தான். ஆனாலும் கோழிகள் அவ்வப்போது உத்தரத்தைப் பார்த்தன.

பதினொன்றே முக்காலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜெகதீஸ்வரன் திரைக்கு எதிரே போய் நின்றான். 4094. 4095. 4096. அவன் மூச்சை அடக்கினான். எண் அப்படியே நின்றது. ஒரு நொடி, இரண்டு, மூன்று, நாலு. ஒரு கிலோ ஏற ஐந்து நொடி ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். இருந்தாலும் விரல்விட்டு எண்ணினான். 4097.

அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குழந்தைவேலுக்கு ஒன்றும் புரியவில்லை. "தூசிங்க, தூசி," என்று விருந்தாளிகளிடம் சமாதானம் சொன்னார்.

ஒரு மணிக்கு எட்டு நிமிடம் முன்னால் 4950 வந்தது. குழாய் ஒரு முறை இருமிவிட்டு நின்றது. எல்லாத் தொட்டியிலும் ஒரே மட்டமாகத் தீவனம். தரையில் ஒரு மணி சிந்தவில்லை. வேலிக்கு அப்பால் காத்திருந்த ஆடுகள் ஏமாந்துபோய் நின்றன.

சின்னண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். "பாத்தீங்களா? ஆளே வேண்டாமுங்க. எங்கிட்ட ஒருத்தன் இருந்தான். நாள் முச்சூடும் அந்தக் கட்டில்லதான் கெடப்பான். இவனால என்ன பிரயோசனம்னு கூட்டிக் கழிச்சுப் பாத்தேன். சைபருங்க. போன ஞாயித்துக்கெழமை நின்னுக்கடான்னுட்டேன்."

பண்ணைக்காரர்கள் தலையாட்டினார்கள். ஏழு பேர் அங்கேயே பெட்டி வேண்டும் என்றார்கள். குழந்தைவேல் ஜெகதீஸ்வரனின் முதுகில் தட்டினார். முன்பு தட்டியதைவிட இரண்டு அடி கூடுதல்.

எல்லோரும் சாப்பாட்டுக்குப் போன பிறகு அவன் கிழக்குக் கோடிக்குப் போய் அந்தக் கட்டிலில் சாய்ந்தான். ஒரு வாரத்தில் முதல் முறையாக முதுகு லேசாக இருந்தது. கண்ணை மூடி அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

"கொஞ்சம் எந்திரிக்கறீங்களா சாமி? கட்டிலு என்னோடதுங்க."

ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தோளில் துண்டோடு நின்றார். ஜெகதீஸ்வரன் பதறி எழுந்தான். "நீங்க?"

"ஆண்டிங்க. இங்கதானுங்க இருந்தேன். இப்ப லாரியில முட்டைத் தட்டு ஏத்தப் போறேன். கட்டில எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்." சொல்லிக்கொண்டே அவர் கடைசித் தொட்டிக்குள் இரண்டு விரலை விட்டு ஆழம் பார்த்தார். "ரெண்டு வெரக்கட. சரியா இருக்குது. யாருங்க நிறுத்துனது?"

"யாரும் நிறுத்தல. அதுவே நின்னுக்கிச்சு."

ஆண்டியின் முகம் உண்மையாகவே மலர்ந்தது. "அட, பரவால்லீங்களே! இன்னைக்குத்தான் மொத மொதல்ல தானா நிக்குது. புது மிஷினு, பழகறதுக்கு நாளாகும்னு நானும் நெனைச்சேன்."

ஜெகதீஸ்வரன் போனை எடுத்து அட்டையின் போட்டோவைத் திறந்தான். "மொத மொதல்லையா? அப்ப மூணு மாசமா?"

"பதினொன்னே முக்காலுக்கு அந்த நம்பர் தூங்கீருமுங்க. அது தூங்குனதும் நான் எந்திரிச்சுக்குவேன். இந்தத் தொட்டியில வெரல உட்டுப் பாத்துட்டே இருந்து, ரெண்டு வெரக்கட வந்ததும் செவப்பு பட்டனை அமுத்தீருவேன்."

"அட்டையில நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பதுன்னு..."

"அந்த நம்பர் வரணும்னு நீங்கதானுங்க மாட்டுன அன்னைக்குச் சொன்னீங்க. அதான் எழுதுனேன்."

ஜெகதீஸ்வரன் பந்தல் பக்கம் பார்த்தான். அங்கே சின்னண்ணன் யாருக்கோ இன்னொரு போண்டாவை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். திரையில் 4950 பளிச்சென்று நின்றது. கட்டிலின் மறுமுனையைத் தூக்க அவன் குனிந்தான். பாதியில் நிமிர்ந்தான்.

"ஏனுங்க ஆண்டி, இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா உங்களை நிறுத்தியிருக்க மாட்டாங்களே. ஏனுங்க சொல்லல?"

ஆண்டி கட்டிலைத் தலையில் ஏற்றிக்கொண்டார். கயிற்றுக்கு அடியிலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"சொல்லியிருந்தா உங்க வேலை போயிருக்குமேங்க சாமி, அன்னைக்கு நீங்க வீட்டுக்குப் போன்ல சொன்னது எங்காதுல உழுந்துச்சே."